எருமப்பட்டித் துறைமுகத்துக்குத் தடம்

எருமப்பட்டிக்குக் கிழக்கே, சென்னிமலையின் கோழிப்பண்ணைக்குப் பின்னால் உழாமல் கிடந்த ஏழு ஏக்கர் காட்டுக்கு, ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடல் வந்து சேர்ந்தது. அன்றைக்கு முட்டை விலை ஐந்து ரூபாய் இருபது காசு. மக்காச்சோளம் கொஞ்சம் இறங்கியிருந்தது. கடல் நல்ல கடல்தான். உப்பு இருந்தது, அலை இருந்தது, மறுகரை தெரியவில்லை. சர்வேயர் வந்து நாலு பக்கமும் சங்கிலி போட்டு அளந்தார். பத்திரத்தில் இருந்த அதே ஏழு ஏக்கர்தான், ஒரு சென்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிழக்கே ஒட்டினாற்போல் மரவள்ளி போட்டிருந்தவரின் வரப்புக்கூட நனையவில்லை. மறுகரை தெரியாத கடல் ஏழு ஏக்கருக்குள் எப்படி அடங்கியது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊர்க்காரர்கள் பதில் சொல்லிச் சலித்து, சர்வேயரையே கேட்டுக்கொள்ளும்படி அனுப்பிவிட்டார்கள்.

கடல் சும்மா வரவில்லை, வரச் சொல்லித்தான் வந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பேக்கரியின் மாடியில் தொழில் ஆலோசனை நிலையம் வைத்திருந்தவர் வின்சென்ட். மேடையேறுமுன் சின்னதாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, இறங்கும்வரை ஆங்கிலத்தையும் தமிழையும் கலந்துகட்டி அடிக்கிற மனிதர். கோழிப்பண்ணைக்காரர்களை நாமக்கல்லில் ஒரு ஓட்டலில் கூட்டிவைத்து, பெரிய துறைமுக நகரில் தொழிலை வைத்துக்கொள்வதால் கிடைக்கும் நன்மைகளைத் திரையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். சரக்குக் கூலி குறையும், உலகம் முழுக்க வாடிக்கையாளர் கிடைப்பார்கள், கிட்டங்கிக்குப் பஞ்சமில்லை, பல பாஷைக்காரர்கள் பழக்கமாவார்கள், மாலையில் காற்று வாங்கலாம். மற்றவர்கள் எல்லாம் மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அதை அங்கேயே மறந்துவிட்டு வந்தார்கள். சென்னிமலை மறக்கவில்லை. அவர் முட்டைகள் லாரியில் தூத்துக்குடிக்குப் போய், அங்கே கப்பலேறி, மஸ்கட்டில் யார் யாருக்கோ ஆம்லெட் ஆகிக்கொண்டிருந்தன. முட்டை பார்த்த கடலைத் தான் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு ஓட்டலிலேயே பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து, கோழி, கூண்டு, குடும்பம் எல்லாவற்றையும் தூத்துக்குடிக்கு மாற்றப் போவதாகச் சொன்னார்.

அவர் மனைவி வசந்தாமணி அப்போது விரிசல் முட்டைகளைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பண்ணை சென்னிமலை பேரில் இருந்ததே ஒழிய, எந்தக் கொட்டகைக் கோழிக்கு என்ன மருந்து, எந்த லாரிக்கு எத்தனை தட்டு என்பதெல்லாம் அவள் கையில்தான் ஓடியது. தூத்துக்குடியில் தனக்கு என்ன வேலை என்று கேட்டாள். மாடி வீட்டில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று அவர் ஆசையாகத்தான் சொன்னார். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"நாம எதுக்குங்க போகோணும்? முட்டை நம்மகிட்டத்தான இருக்குது. வேணுங்கறது வரட்டும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை கடல் வந்துவிட்டது.

வசந்தாமணிக்கு அந்தப் பின்காட்டைப் பார்த்தாலே வயிறு எரியும். காரணம் கடல் இல்லை. சென்னிமலையின் அப்பா பாகம் பிரித்தபோது, அந்தப் பக்கத்து வழக்கப்படி நல்ல மண்ணிலும் பாதி, கெட்ட மண்ணிலும் பாதி என்று மூத்தவருக்கும் இளையவருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டார். ரோட்டோரம் சென்னிமலைக்கு, அதை அடுத்த துண்டு தம்பி பொன்னனுக்கு, அதற்கும் பின்னால் இருந்த ஏழு ஏக்கர் மறுபடியும் சென்னிமலைக்கு. பின்காட்டுக்குப் போக வேண்டுமானால் பொன்னனின் பூமி வழியாக ஒரு வண்டித்தடம் இருந்தது. ஒருநாள் சென்னிமலையின் தீவன லாரி ரிவர்ஸ் எடுத்ததில் பொன்னன் புதிதாகக் கட்டிய மாட்டுத் தண்ணீர்த்தொட்டி நொறுங்கிப் போயிற்று. தடத்தில் தொட்டி கட்டச் சொன்னது யார் என்று அண்ணன் கேட்டார். என் பூமியைத் தடம் என்று சொன்னது யார் என்று தம்பி கேட்டான். சாயங்காலத்துக்குள் கம்பிவேலி வந்துவிட்டது. பின்காடு உழ ஆளில்லாமல் கருவேல முள்ளேறிக் கிடந்தது.

இதில் செத்துப் பிழைத்தவள் வசந்தாமணி. பொன்னன் கட்டியிருந்தது அவள் கூடப்பிறந்த தங்கை கமலவேணியை. அண்ணன் தம்பிக்கு அக்கா தங்கையைக் கட்டிவைத்தால் குடும்பம் பிரியாது என்று பெரியவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள், நல்ல கணக்கு! வேலி போட்ட நாளிலிருந்து ஒன்பது வருசமாக அக்கா தங்கைக்கும் பேச்சில்லை. தங்கை வீட்டுக் குக்கர் விசில் அக்கா அடுப்படியில் கேட்கும். அவ்வளவு பக்கம். கமலவேணியின் மகள் வயசுக்கு வந்து சீர் நடந்தபோது வசந்தாமணிக்கு அழைப்பு வரவில்லை. பெரியம்மாக்காரி, முன்னால் நின்று செய்ய வேண்டியவள், ரேடியோ செட்டுப் பாட்டைக் கேட்டுக்கொண்டே முட்டைத் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். அழைக்காமல் எப்படிப் போவது? பேசாவிட்டாலும் தங்கை கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள் என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். தூத்துக்குடி என்றதும் அதுவும் போச்சே என்றுதான் அவளுக்குப் பகீரென்றது.

கடல் வந்ததும் எருமப்பட்டிக்கு யோகம் அடித்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த புளிய மரத்தடி மெஸ், துறைமுகம் மெஸ் ஆகிக் குஸ்காவுக்கு விலையேற்றியது. கடல் தெரியும் மனை என்று அட்டை போட்டு, கடல் இருந்த திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த பாறைக்காட்டையெல்லாம் விற்றார்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர் ஒருவர் படகுக்கும் பாடி கட்டினார். முன்னால் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம், பின்னால் ஒலி எழுப்பவும் என்ற எழுத்து, இரண்டு பக்கமும் மட்கார்டு. திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிக்காரர் ஒருவர் வந்து, கடல் நடுவில் போர் போட்டால் நல்ல தண்ணீர் நிச்சயம் என்று வெற்றிலையில் வைத்துச் சத்தியம் செய்தார். வின்சென்ட் காரை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார். அவருக்கு ஆச்சரியமே இல்லை. தேவை இருக்கும் இடத்துக்கு வசதிகள் தானாக வரும் என்று அவர் அன்றைக்கே ஒரு பக்கம் போட்டுக் காட்டியிருந்தாராம்.

ஐப்பசியில் மஸ்கட்டிலிருந்து முதல் கப்பல் வந்து நின்றது. கேப்டன் மலையாளி, பேசினால் பாதி புரிந்தது. தூத்துக்குடிக்குப் போகும் வழியில் கொஞ்சம் வடக்கே திருப்பினால் எருமப்பட்டி வந்துவிடுகிறது என்றார், அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. சென்னிமலை தன் பண்ணையின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறி நின்று கப்பலுக்குக் கும்பிடு போட்டார். கீழே முட்டை லாரிகள் வரிசையாக நின்றன. லாரிக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு கல்லெறி தூரம்தான், ஆனால் அந்தக் கல்லெறி தூரமும் பொன்னனுடையது. மற்ற மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகலாமே என்றால், அங்கே இருந்தவர்களுக்கு அவரவர் பங்காளிகளோடு அவரவர் தடத் தகராறு. சர்க்கார் ஆட்கள் வந்தால் மட்டும் பொன்னன் வேலியைத் திறந்துவிட்டான். மற்றபடி ஈ எறும்பு போகாது. வின்சென்டைக் கேட்டார்கள். அவர் தன் நன்மைகளை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தார். கூடப்பிறந்தவனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

ஆகவே எருமப்பட்டித் துறைமுகம் இப்படி நடந்தது: கப்பல் வந்து பின்காட்டில் நிற்கும். சென்னிமலை தொட்டி மேலிருந்து கும்பிடு போடுவார். முட்டை வழக்கம்போல் லாரியேறித் தூத்துக்குடிக்குப் போகும். கப்பல் அதை ஏற்றிக்கொள்ளத் தூத்துக்குடிக்குத் திரும்பிப் போகும். ஒரு வருசத்துக்கு மேல் இந்தக் கூத்து. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு தரம் கூடிப் பேசினார்கள். பொன்னன் பிடி கொடுக்காத ஆள் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அண்ணன் எம்பட ஊட்டு வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை கேக்கட்டுமுங்க. தடமென்ன, தார் ரோடே போட்டுத் தாரேன்."

சென்னிமலையிடம் போய்ச் சொன்னார்கள். கடலே தன்னைத் தேடி வந்திருக்கும்போது தான் எவன் வாசலுக்கும் போக வேண்டியதில்லை என்றார் அவர். இதற்கிடையில் உப்புக் காற்றில் கூண்டுகள் துருவேறின, தீவனம் நமத்துப் போயிற்று. கோழிகள் கடல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டு முட்டையிடுவதை ஒத்திப்போட்டன. அதையெல்லாம் சரிக்கட்டியது வசந்தாமணி. கடைசியில் ஒருநாள் சென்னிமலை, இந்த ஊர் முன்னேறாது என்று அறிவித்துவிட்டு, தூத்துக்குடியில் இடம் பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தார். கூண்டுகளைக் கழற்ற ஆட்கள் வருகிறார்கள் என்றார். வீட்டுக்குப் பின்னால் ஒரு சமுத்திரத்தை வைத்துக்கொண்டு, சமுத்திரக் கரைக்குக் குடிபோகிறேன் என்கிறாரே என்று வசந்தாமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தபிறகு அவளுக்கு விளங்கியது.

"ஏனுங்க, உங்களுக்குக் கடல் வேணுமா, இல்லாட்டித் தம்பி மூஞ்சியப் பாக்காத ஒரு எடம் வேணுமா?"

சென்னிமலை போனை எடுத்து மக்காச்சோள விலை பார்த்தார்.

"எனக்கு ரெண்டும் வேண்டாங்க. எனக்கு எந் தங்கச்சி வேணும்," என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்க நல்ல முட்டைகளையும் விரிசல் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை தலைக்கு ஊற்றிக்கொண்டு, நல்ல சேலை கட்டி, வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு தட்டு முட்டையை எடுத்துக்கொண்டு பொன்னன் வீட்டு வாசலில் போய் நின்றாள். இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பக்கத்தில் வாசலில் கால் வைத்த யாரையும் 'வாங்க' என்று கேட்டே தீர வேண்டும். கொலைப் பழியே இருந்தாலும் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் ஏழு ஊருக்கு அதைச் சொல்லித் திரிவார்கள். கேட்டுவிட்டாலோ, அப்புறம் தண்ணீர் கொடுக்க வேண்டும், உட்காரச் சொல்ல வேண்டும், சோறு போட வேண்டும். அதனால்தான் அங்கே பகையாளிகள் ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை, எதிரே வந்தால் வேறு தடத்தில் திரும்பிவிடுவார்கள். பொன்னன் அப்போது பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். நிழலாடியது, நிமிர்ந்தான். அவன் யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"வாங்க நங்கையா."

அண்ணன் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிட வேண்டும். பத்து வருசமும் போய்ப் பதினோராவது வருசமும் நடக்கும்போது, அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து நேற்றுச் சொன்னது மாதிரி வந்தது. சொன்னதைத் திரும்ப வாங்க முடியாமல் அவன் எழுந்து நின்று நாற்காலியைத் துண்டால் தட்டினான். உள்ளேயிருந்து கமலவேணி கரண்டியோடு வந்தாள். அக்காளைப் பார்த்தாள். அழுவாள் என்று பொன்னன் நினைத்தான். அவள் சண்டைக்குத்தான் வந்தாள்.

"சீருக்கு வருவீன்னு கடைசிப் பந்தி வரைக்கும் ஒரு எலை போட்டு வெச்சிருந்தனக்கா."

"நீ கூப்புடவே இல்லியே சாமி."

"கூப்புட்டாத்தான் வருவியா? நீயென்ன ஒறம்பரையா?"

விருந்தாளிக்குத்தானே அழைப்பு. தான் விருந்தாளி மாதிரி வீட்டில் உட்கார்ந்து காத்திருந்த முட்டாள்தனம் அப்போதுதான் வசந்தாமணிக்கு உறைத்தது. அதற்கப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள், அழுகை முடிந்து யார் முதலில் வந்திருக்க வேண்டும் என்று ஒரு பாடு சண்டை போட்டார்கள், மறுபடி அழுதார்கள். பொன்னனுக்கு அன்றைக்குக் காலைச் சோறு மத்தியானம்தான் கிடைத்தது. சோறு போட்டுக்கொண்டே கமலவேணி ஒரு தீர்ப்பையும் சொன்னாள். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு தரம் கூடியும் அவர்களுக்குத் தோன்றாதது அது.

"வேலி உங்க வேலி. நான் தொடுல. ஊடு எம்பட ஊடு. எங்கக்கா எங்கூட்டுக்குள்ள வந்து பொடக்காளி வழியாப் போறதுக்குத் தடம் எதுக்கு?"

பின்கட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். பொடக்காளியில் பாத்திரம் கழுவுகிற கல், முருங்கை மரம், அதற்கப்பால் கடல். வசந்தாமணி கொண்டுவந்த முட்டைத் தட்டைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு, முன்வாசலில் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, அடுப்படி வழியாக, முருங்கை மரத்தடியில் இறங்கிக் கடலுக்குப் போனாள். கப்பல்காரர்கள் படகு விட்டு வாங்கிக்கொண்டார்கள். எருமப்பட்டித் துறைமுகத்தில் ஏறிய முதல் சரக்கு அதுதான்.

அதிலிருந்து அப்படியே நடக்கிறது. பண்ணையில் வேலை செய்யும் பெண்கள் தலைக்கு ஒரு அடுக்குத் தட்டோடு வரிசையாக வருகிறார்கள். கூடத்தில் உட்கார்ந்து பொன்னன் ஒவ்வொருத்திக்கும் 'வாங்க' சொல்கிறான்; சொல்லாமல் விட முடியாதே. சுங்கத்துக்காரர் வந்தார், வாங்க என்றான். அவர் மேசை இப்போது மாவரைக்கும் கிரைண்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கேப்டன் இறங்கி வந்தார், வாங்க என்றான். கேப்டன் மூன்று நாள் தங்கிப் பருப்பும் நெய்யும் சாப்பிட்டுவிட்டுப் போனார். சாயங்காலமானால் பொன்னனுக்குத் தொண்டை கட்டிவிடும், மிளகுப் பால் குடிப்பான். அக்காளும் தங்கையும் கதை பேசிக்கொண்டு நின்றால் வரிசை அப்படியே நின்றுவிடும், மஸ்கட்டில் அன்றைக்கு முட்டை தட்டுப்பாடு. வின்சென்ட் வந்து பார்த்துவிட்டு, உள்ளூர் உறவுகளின் வலிமை என்று புதிதாக ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டார். தூத்துக்குடி முன்பணம் திரும்பவில்லை. கூண்டு கழற்ற வந்த ஆட்களை வசந்தாமணி தட்டு சுமக்க வைத்துக்கொண்டாள்.

சென்னிமலை மட்டும் அந்த வழியில் போகவில்லை. போனால் தம்பி 'வாங்க' என்பான், இவர் 'வந்தேன்' என்று சொல்ல வேண்டும், அதோடு சண்டை தீர்ந்துவிடும். பாடுபட்டு வளர்த்த சண்டை. ஆனால் தன் துறைமுகத்தில் தன் முட்டை ஏறுவதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசையும் விடவில்லை. கடைசியில் ஒருநாள், காலி லாரி ஒன்று தூத்துக்குடிப் பக்கம் போகும்போது அதில் ஏறிக்கொண்டார். அங்கே போய்க் கப்பலேறி, வாந்தியெடுத்து, கொஞ்சம் வடக்கே திருப்பி, தன் காட்டுக்குத் தானே கடல் வழியாக வந்து சேர்ந்தார்.

வெள்ளை வேட்டி காற்றில் படபடக்கக் கப்பல் மேல்தட்டில் ஒருவர் நிற்பதை முருங்கை மரத்தடியிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். பொன்னன் அப்போது பின்கட்டுக்கு வந்திருந்தான். கண்ணில் வெயிலடித்தது, ஆள் யாரென்று தெரியவில்லை. யாரோ வருகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

"வாங்க," என்றான்.

சொன்ன பிறகுதான் பார்த்தான். தட்டு சுமந்தவர்கள் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். வசந்தாமணி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். சென்னிமலையிடம் ஏணி இறக்கட்டுமா என்று கேப்டன் கேட்டார். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார், மறுபடி அவிழ்த்துவிட்டார். கடைசித் தட்டு ஏறும்வரை அங்கேயே நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வந்த கப்பலிலேயே தூத்துக்குடிக்குத் திரும்பிப் போய், லாரி பிடித்து வீடு வந்து சேர்ந்தார். காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை என்றார். கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"பொன்னன் ரொம்ப எளச்சுப் போயிட்டானே புள்ள. சக்கரை கிக்கரை இருக்குதான்னு பாத்தானாமா? நாங் கேட்டன்னு சொல்லாத."

மறுநாள் காலை வசந்தாமணி தலையில் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்ததும் அதை அப்படியே சொன்னாள், கேட்டதாகச் சொல்லக் கூடாது என்று சொன்னதையும் சேர்த்து. பொன்னன் பேப்பரை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இருக்குதுங்க நங்கையா. மாத்தரை போடறேன். நாஞ் சொன்னன்னு சொல்லாதீங்க."

பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது, கப்பல் இரண்டு தடவை ஊதிவிட்டது. சரி தம்பி என்று சொல்லிவிட்டு வசந்தாமணி அடுப்படியைத் தாண்டி, பொடக்காளி வழியாகக் கடலுக்கு இறங்கினாள்.